சிஸ்டர் வீட்டு சிமெண்ட் தரை

குப்பை வண்டி வந்து போனதும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போகிறவர்கள்தான் எங்கள் தெருவில் எல்லோரும். சிஸ்டர் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு வண்டியின் பின்னால் நடப்பார். திரும்பி வரும்போது, குப்பை அன்றைக்கு ஏரிக்கரையில் விழுந்ததா, யாருடைய காலி மனையிலாவது விழுந்ததா என்று எதிரில் வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டே வருவார். யாரும் விசாரித்ததில்லை. தெரிந்துகொண்டு யாரும் சந்தோஷப்பட்டதும் இல்லை.

சேலையூருக்கும் சிட்லபாக்கத்துக்கும் இடையில், ஏரியைப் பார்த்து இறங்குகிற தெரு அது. அவர் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ், அதனால் சிஸ்டர். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. கேட்டில் போர்டுகூட உண்டு. ஆனால் மளிகைக்கடைக்காரர் முதல் தபால்காரர் வரை சிஸ்டர் என்றால்தான் தெரியும். ரயில்வேயில் ரிட்டயர் ஆன அவருடைய கணவருக்கே 'சிஸ்டர் வீட்டு சார்' என்றுதான் பெயர். சார் அதிகம் பேச மாட்டார். அந்த வீட்டுக்குத் தேவையான பேச்சு ஏற்கெனவே இருந்தது.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கேம்ப் ரோட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற சின்னக் கடை. கவலைப்படுவது எனக்கு இன்னொரு தொழில், அதில் வருமானம் கிடையாது. ஒரு மோட்டாரைக் கட்டிக் கொடுத்தால், அது யார் வீட்டில் என்றைக்குப் புகையப் போகிறதோ என்று அடுத்த மோட்டார் வரும்வரை யோசிப்பேன். சிஸ்டரைத் தெரியாமல் இருந்திருந்தால் என் கவலைகள் மோட்டாரோடு நின்றிருக்கும்.

அவரைத் தெரிந்தது ஒரு மிக்ஸியால். ரிப்பேருக்குக் கொடுத்ததை வாங்க ஒரு சாயங்காலம் வந்தார். கடைக்குப் பின்னால் நான் பழைய காயில்களைக் குவித்துக் கொளுத்திக்கொண்டிருந்தேன். மேலே இருக்கிற வார்னிஷும் பிளாஸ்டிக்கும் எரிந்துபோனால் செம்பு தனியாக நிற்கும், நல்ல விலைக்குப் போகும். தொழிலில் எல்லோரும் செய்வதுதான். புகையைப் பார்த்துக்கொண்டே பின்பக்கம் வந்துவிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அண்ணாந்து பார்த்தார்.

"தம்பி, இந்தப் புகை எங்க போகுது?"

"மேல போகுது சிஸ்டர்."

"மேல போயி?"

"காத்துல கலந்துடும்."

"கலந்து?"

நான் உள்ளே போய் மிக்ஸியை எடுத்துவந்தேன். அவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். குரலை உயர்த்தவே இல்லை. வார்டில் நோயாளியிடம் 'கடைசியா எப்ப மோஷன் போனீங்க' என்று கேட்கிற அதே குரல். அந்தக் குரலுக்குப் பதில் சொல்லாமல் இருப்பது கஷ்டம். மறுநாள் கொளுத்திவிட்டு நானும் அண்ணாந்து பார்த்தேன். புகை கொஞ்சம் மேலே போனது, பிறகு சாய்ந்து தெற்கே திரும்பியது. தெற்கே இரண்டு தெரு தள்ளி என் வீடு. மொட்டை மாடியில் என் பெண் குழந்தையின் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. அன்றோடு கொளுத்துவதை நிறுத்தினேன். காயிலை அப்படியே பாதி விலைக்குப் பழைய இரும்புக்கடையில் போட்டேன். கடைக்காரர் அதை வாங்கி எங்கே கொளுத்துகிறார் என்று நான் பார்க்கப் போகவில்லை. சிஸ்டராக இருந்தால் போயிருப்பார்.

ஆஸ்பத்திரியிலும் அவர் இப்படித்தான் என்று சார் ஒருமுறை சொன்னார். மருத்துவக் கழிவைக் கலர் கலர் பைகளில் பிரிக்க வேண்டும் என்று சட்டம் வந்த சமயம் அது. எல்லா நர்ஸுகளையும் ஹாலில் உட்காரவைத்து, படம் போட்டு, சமோசா கொடுத்துப் பயிற்சி நடத்தினார்கள். எரிக்க வேண்டியதெல்லாம் மஞ்சள் பையில். மற்றவர்கள் எழுந்து பஞ்சு எந்தப் பை, கையுறை எந்தப் பை என்று கேட்டிருக்கிறார்கள். சிஸ்டர் எழுந்து, மஞ்சள் பை இங்கிருந்து எங்கே போகும் என்று கேட்டார். எரிக்கிற இடத்துக்கு என்றார் பயிற்சி கொடுத்தவர். அது எங்கே? ஏஜென்சிக்காரர்கள் எடுத்துப் போவார்கள். எடுத்துக்கொண்டு எங்கே? சாப்பாடு தயாராகிவிட்டது என்று சொல்லிப் பயிற்சி கொடுத்தவர் மைக்கை அணைத்தார்.

அடுத்த வாரம் சிஸ்டர் லீவு போட்டுவிட்டு, தன் மொபெட்டில் அந்த வண்டியின் பின்னால் போனார். பின்சீட்டில் சார். ஒரு ஆள் பார்த்தால் கட்டுக்கதை என்பார்கள், இரண்டு பேர் வேண்டும் என்று கூட்டிப்போயிருக்கிறார். வண்டி வண்டலூரைத் தாண்டி ஒரு மண்பாதையில் திரும்பியது. தண்ணீர் இல்லாத பழைய கல்குவாரிப் பள்ளத்தில் மஞ்சள் பைகளை உருட்டிவிட்டு, மேலே ஒரு டயரைப் போட்டுப் பற்றவைத்தான் டிரைவர். சிஸ்டர் அது அணைகிறவரை நின்று பார்த்துவிட்டு வந்து எழுதிக் கொடுத்தார். ஆஸ்பத்திரி ஏஜென்சியை மாற்றியது. புது வண்டி வேறு நிறத்தில் வந்தது. சிஸ்டர் மறுபடியும் லீவு போட்டார். இந்த வண்டி நிஜமாகவே எரிக்கிற இடத்துக்குப் போனது. சுற்றுச்சுவர், உயரமான புகைபோக்கி, எல்லாம் ஒழுங்கு. சிஸ்டர் கொஞ்ச நேரம் நிம்மதியாக நின்றிருக்கிறார். பிறகு வாட்ச்மேனைக் கூப்பிட்டு, சாம்பல் எங்கே போகிறது என்று கேட்டிருக்கிறார்.

அந்தச் சாம்பலுக்காகத்தான் நான் முதன்முதலில் ஒரு கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போனேன். அதே இடத்தில் இன்னொரு உலை கட்டப்போகிறார்கள், சட்டப்படி பொதுமக்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்று பேப்பரில் விளம்பரம் வந்தது. நீயும் பொதுமக்கள்தானே வா என்றார் சிஸ்டர். முடியாது என்று சொன்னால் ஏன் என்று கேட்பாரே என்ற பயத்தில் கடையைப் பூட்டினேன்.

ஷாமியானா போட்டிருந்தார்கள். வேன்களில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஒருவர் வேலை கொடுங்கள் என்றார், ஒருவர் ரோடு போடுங்கள் என்றார், ஒருவர் கோயில் கும்பாபிஷேகத்துக்கு ஏதாவது செய்யுங்கள் என்றார். மேடையில் இருந்தவர்கள் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார்கள். மைக் சிஸ்டர் கைக்கு வந்தது.

"எரிச்சா சாம்பல் வருமா சார்?"

"வரும்மா. ரொம்பக் கொஞ்சம்தான்."

"அந்தக் கொஞ்சம் எங்க போகும்?"

"விஞ்ஞான முறைப்படி அப்புறப்படுத்துவோம்."

"அது முறை. நான் இடம் கேட்டேன்."

மேடையில் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். அறிக்கையிலேயே இருக்கிறது என்றார் ஒருவர். சிஸ்டர் அந்த அறிக்கையைப் படித்துவிட்டு வந்திருந்தார். சாம்பலைப் பற்றிய பக்கம் இன்னொரு பக்கத்தைப் பார்க்கச் சொல்கிறது, அந்தப் பக்கம் விதிகளைப் பார்க்கச் சொல்கிறது, விதிகள் அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் கொட்டச் சொல்கின்றன, இடத்தைத்தான் யாரும் சொல்லவில்லை என்று நிதானமாக விளக்கினார். உங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது என்றார் அதிகாரி.

"பதிவு செஞ்சது எங்க போகும் சார்?"

கூட்டம் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். சிஸ்டர் சிரிக்கவில்லை, பதிலுக்காக நின்றார். நன்றியுரை ஆரம்பித்துவிட்டது. வேனில் வந்தவர்களுக்குக் கொடுத்ததில் மீந்த எலுமிச்சம்பழ சாதப் பொட்டலம் எங்களுக்கும் கிடைத்தது. பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் காகிதத்தைச் சுருட்டி எறியக் கையை ஓங்கினேன். சிஸ்டர் கையை நீட்டினார். இரண்டு பொட்டலக் காகிதத்தையும் மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

இத்தனை கேட்டவர் ஒன்றை மட்டும் கேட்காமல் விட்டார். இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

எங்கள் பக்கத்தில் ரோடு போடும்போது பழைய ரோட்டைச் சுரண்ட மாட்டார்கள், அதன் மேலேயே போடுவார்கள். ரோடு வருஷா வருஷம் வளரும், வீடு நின்ற இடத்தில் நிற்கும். படி ஏறிப் போன வீட்டுக்குள் ஒருகட்டத்தில் படி இறங்கிப் போவோம். ஒரு வருஷம் பெரிய மழை. ஏரி நிறைந்து, தெருவின் கடைசியில் இருந்த எங்கள் நாலு வீட்டு முற்றத்திலும் தண்ணீர் வந்து நின்றது. பல நாள் போகவே இல்லை. வடிந்த பிறகு நாலு வீட்டுக்காரர்களும் எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதைச் செய்ய முடிவு செய்தோம்: லாரி லாரியாக மண் அடித்து மனையை உசத்துவது.

சிஸ்டர்தான் முன்னால் நின்றார். தனித்தனியாக வாங்கினால் விலை அதிகம், சேர்ந்து வாங்கினால் குறையும் என்று நாலு வீட்டையும் சேர்த்தார். தாம்பரத்தில் லோடு அடிக்கிற ஒரு லாரிக்காரரைப் பிடித்து, பேசிப் பேசி, வேறு யாரும் தராத விலைக்குக் கொண்டுவந்தார். எங்களுக்கெல்லாம் பெருமை. முடிக்கும்போது சிஸ்டர் அவருக்கே உரிய கேள்வியையும் கேட்டார். மேலே கிடக்கிற சேற்றை வழித்தால் அது எங்கே போகும்?

"என் மச்சான் மனைலயே கொட்டிக்கிறேன் சிஸ்டர். அவுரும் ரொம்ப நாளா கேட்டுகினு கீறாரு."

சிஸ்டர் மொபெட்டை எடுத்துக்கொண்டு லாரியின் பின்னாலேயே போனார். மச்சான் இருந்தார், மனை இருந்தது, சேறு அங்கேயே விழுந்தது. மச்சான் வீட்டில் காபிகூடக் கொடுத்தார்களாம். நல்ல ஆள் தம்பி இந்த லாரிக்காரர், சொன்ன இடத்தில் கொட்டுகிறார் என்று என்னிடம் வந்து சொன்னார். சிஸ்டர் ஒருவரை நல்ல ஆள் என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

புது மண் வந்தது. கருமையாக, கனமாக இருந்தது. அங்கங்கே பச்சை பூத்த மாதிரிக் கட்டிகள். காயில் கட்டுகிறவன், நர்ஸ், ரயில்வேக்காரர், மற்ற இரண்டு வீட்டிலும் பேங்க்காரர்கள். ஆளுக்கு ஒரு பிடி எடுத்து உதிர்த்துப் பார்த்து, நல்ல சத்துள்ள மண் என்று சொல்லிக்கொண்டோம். எங்களில் ஒருவர்கூட வயலில் கால் வைத்தவர் இல்லை.

கோடையில் ஒருநாள் மழை அடித்துவிட்டுப் போனது. கடையில் இருந்து வந்து பார்க்கிறேன், என் வீட்டு முற்றத்தில் தேங்கிய தண்ணீர் மஞ்சளாக இருந்தது. கலங்கல் இல்லை, பளிச்சென்று மஞ்சள். யாரோ மஞ்சள் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள், நமக்கு ஆகாதவர்கள் யார் என்று என் மனைவி யோசித்துக்கொண்டிருந்தாள். நாலு வயசுப் பெண் அதில் குதித்துக்கொண்டிருந்தாள். அதற்கு முன்பே அவள் காலில் வட்ட வட்டமாகச் சில புண்கள் இருந்தன. வலி என்று அழ மாட்டாள், ஆனால் ஆறவும் இல்லை. களிம்பு போட்டுக்கொண்டிருந்தோம். எனக்கு என்னவோ தோன்றியது. சிஸ்டரைக் கூப்பிட்டேன்.

அவர் குழந்தையின் காலை மடியில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், தோல் பட்டறை ஆட்கள் சிலர் இதே மாதிரி ஓட்டை விழுந்த கைகளோடு வார்டுக்கு வந்ததாகப் பிற்பாடு சொன்னார். அன்றைக்குக் குழந்தையின் காலை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தார். குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டு, வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"லாரிக்காரர் நம்பர் உங்கிட்ட இருக்கா தம்பி?" என்றார்.

லாரிக்காரர் அன்றே வந்தார். சிஸ்டர் கேட்டார்.

"இந்த மண்ண எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"நீங்க அத்த கேக்கவே இல்லியே சிஸ்டர்."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். மற்றதையும் ஒளிக்காமல் சொன்னார். ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு அந்தப் பக்கம், தோல் பதனிடப் போடுகிற குரோமிய உப்பு செய்த கம்பெனி ஒன்று பல வருஷமாக மூடிக் கிடந்தது. அதன் கழிவு ஊறிய மண் தண்ணீர் பட்டால் மஞ்சளாகக் கரையும், பட்ட தோலைப் புண்ணாக்கும். இடத்தை வாங்கியவர்கள் ஃப்ளாட் கட்டப் போனபோது, மேல் மண்ணைச் சுரண்டி எடுத்தால்தான் அனுமதி என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. எடுத்த மண்ணை அதற்கென்று வடக்கே வெகு தூரத்தில் இருக்கிற இடத்தில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும், அங்கே அதற்குக் கட்டணமும் உண்டு. காண்டிராக்டர் அந்தக் கட்டணத்தை யோசித்துப் பார்த்துவிட்டு, மண்ணை லாரிக்காரருக்குச் சும்மா கொடுத்தார். சும்மா வந்ததால்தான் எங்களுக்கு அந்த விலை. சிஸ்டர் பேசியதால் குறைந்தது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

சிஸ்டர் என்னையும் கூட்டிக்கொண்டு, இதற்கான அரசு அலுவலகத்துக்குப் போனார். ஒரு இன்ஜினியர் எங்களை உட்காரவைத்தார். மரியாதையான மனிதர். ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அந்தக் கம்பெனி இடம் சுத்தமாகிவிட்டது, சான்றிதழ் கொடுத்தாகிவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னார். அங்கே இருந்தது இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது என்றார் சிஸ்டர். இன்ஜினியர் கொஞ்சம் யோசித்தார்.

"நீங்க தொழிற்சாலையா மேடம்?"

"வீடு."

"அப்ப உங்ககிட்ட அபாயக் கழிவு இருக்க முடியாதே. தொழிற்சாலையில இருந்து வந்தாதான் அது கழிவு. வீட்டுல இருந்தா மண்ணு."

அப்படியானால் அதை அந்தக் கம்பெனி இடத்திலேயே திருப்பிக் கொட்டலாமா என்று கேட்டார் சிஸ்டர். கூடாது, அது சுத்தமான இடம் என்று சான்றிதழ் இருக்கிறது, கொட்டினால் உங்கள் மேல் வழக்கு வரும் என்றார். வடக்கே இருக்கிற இடத்துக்கு நாங்களே கொண்டுபோனால்? லைசென்ஸ் உள்ள தொழிற்சாலையிடம் மட்டும்தான் வாங்குவார்கள். அப்படியென்றால் நாங்கள் ஒரு கம்பெனி ஆரம்பிக்க வேண்டுமா என்று கேட்டார் சிஸ்டர். இன்ஜினியர் அதை நிஜமாகவே யோசித்தார். குடியிருப்புப் பகுதியில் இந்த மாதிரிக் கம்பெனிக்கு அனுமதி தர மாட்டோம், காலம் மாறிவிட்டது மேடம் என்றார். எழுந்து நின்று வழியனுப்பினார்.

நாங்கள் அங்கே போய் வந்தது எப்படியோ லாரிக்காரர் காதுக்கு எட்டி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் லாரியோடும் இரண்டு ஆட்களோடும் அவரே வந்து நின்றார். கேஸ் கீஸ் வேண்டாம், நாலு வீட்டு மண்ணையும் தானே அள்ளிக்கொண்டு போய்விடுவதாகவும், அதற்கு ஒரு பைசா வேண்டாம் என்றும் சொன்னார். மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் அவருக்குக் கை கொடுத்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் பெண்ணைப் பத்து நாளாகக் கட்டிலை விட்டு இறங்க விடாமல் வைத்திருந்தோம்.

சிஸ்டர் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார்.

"எங்க எடுத்துட்டுப் போவீங்க?"

"வண்டலூர் தாண்டி புதுசா லேஅவுட் போட்டுகினு கீறாங்க சிஸ்டர். எல்லாம் பள்ளம். அங்க ஒருத்தரும் குடி வரல."

"வருவாங்கல்ல?"

லாரிக்காரர் எங்களைப் பார்த்தார். ஆட்கள் மண்வெட்டியோடு நின்றார்கள். வேண்டாம், அள்ளக் கூடாது என்றார் சிஸ்டர். பேங்க்காரர்கள் மெல்லப் புரியவைக்கப் பார்த்தார்கள். நான் மெல்லப் பேசவில்லை.

"உங்க பேச்ச நம்பித்தான சிஸ்டர் இந்த மண்ண வாங்கினோம்? எம்பொண்ணு கால நீங்கதான பாத்தீங்க? எங்க போனா எனக்கென்ன? போனாப் போதும்."

சிஸ்டர் உள்ளே போய்விட்டார். லாரிக்காரர் பீடி பற்றவைத்தார். ஆட்கள் என் வீட்டில் ஆரம்பிப்பதா, பேங்க்காரர் வீட்டில் ஆரம்பிப்பதா என்று பேசிக்கொண்டிருந்தபோது சிஸ்டர் திரும்பி வந்தார், பின்னால் சார்.

சிஸ்டர் வீட்டை ஒட்டி அவர்களுக்கு ஒரு அரை கிரவுண்டு மனை இருந்தது. பெங்களூரில் வேலையில் இருந்த மகன் வந்து வீடு கட்டிக்கொள்வதற்காக வாங்கிப் போட்டது. சார் அதில் ஒரு நார்த்தை மரம் வளர்த்து வந்தார். அவர் பேசுகிற விஷயம் என்று ஒன்று உண்டென்றால் அந்த மரம்தான்.

"நாலு வீட்டு மண்ணையும் இங்க கொட்டுங்க," என்றார் சிஸ்டர், அந்த மனையைக் காட்டி.

அதில் இனி எதுவும் கட்ட முடியாது சிஸ்டர், விற்கவும் முடியாது என்றார் ஒரு பேங்க்காரர். தெரியும் என்றார்.

"நார்த்தை?" என்றார் சார்.

"போயிடும்."

சார் மரத்தைப் பார்த்தார். அதில் காய்கள் இருந்தன.

"சரி," என்றார். உள்ளே போய்ப் பை ஒன்றை எடுத்துவந்து காய்களைப் பறிக்க ஆரம்பித்தார்.

சிஸ்டர் ஆஸ்பத்திரியில் இருந்து முகமூடியும் கையுறையும் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தார். தூசி பறக்காமல் தண்ணீர் தெளித்துத் தெளித்து அள்ளவைத்தார். மண்ணுக்கு அடியிலும் மேலேயும் தண்ணீர் இறங்காத ஷீட் வேண்டும் என்றார். லாரிக்காரர் எங்கிருந்தோ ஃப்ளெக்ஸ் பேனர்களைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்தார். இந்தத் தடவை சிஸ்டர், எங்கேர்ந்து என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் இறக்கவிட்டார். பிறந்தநாள் காணும் தலைவர்களும், மஞ்சள் நீராட்டு விழாச் சிறுமிகளும், மணமக்களும் சிரித்த முகத்தோடு விரிக்கப்பட்டார்கள். நடுவில் நாலு வீட்டு மண். மேலே ஜல்லி போட்டு சிமெண்ட் தரை. சுற்றிக் கட்டை போல ஒரு விளிம்பு.

மகன் போனில் கத்தியது தெருவுக்கே கேட்டதாக என் மனைவி சொன்னாள். தீபாவளிக்கு அவர் வரவில்லை, பொங்கலுக்கும் வரவில்லை. சிஸ்டர் அதைப் பற்றி எதுவும் பேசியதில்லை. மனையை விலை கேட்டு இரண்டு மூன்று புரோக்கர்கள் வந்தார்கள். அவர்களிடம் மட்டும் அடியில் என்ன இருக்கிறது என்று மேலிருந்து கீழ்வரை விவரமாகச் சொல்லி, காபி கொடுத்து அனுப்பினார். பிறகு யாரும் வரவில்லை.

என் பெண்ணின் கால் ஆறியது. வெள்ளையாக நாலு வட்டம் மட்டும் இன்னும் இருக்கிறது. எனக்கும் ஒரு வகையில் சௌகரியம்தான். முன்பெல்லாம் எதைப் பற்றிக் கவலைப்படுவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் பற்றிக் கவலைப்படுவேன். இப்போது என் கவலைக்கு ஒரு விலாசம் இருந்தது. தினமும் கடைக்குப் போகும் முன் அந்தத் தரையை ஒரு சுற்றுச் சுற்றி வருவேன். மயிரிழை வெடிப்பு தெரிந்தாலும் சிமெண்ட் பால் கரைத்துப் பூசிவிடுவேன். ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஃப்ளாட் எழும்பியது. பசுமை என்று வருகிற ஒரு பெயர் வைத்தார்கள்.

மண்ணைக் கொட்டிப் பத்து வருஷம் ஆகிற சமயத்தில், சிஸ்டர் ரிட்டயர் ஆகி முழங்கால் வலியோடு வீட்டில் இருந்தபோது, சட்டையை இன் பண்ணிய ஒரு இளைஞர் தோள்பையோடு வந்தார். தொழிற்சாலைகளால் கெட்டுப்போன நிலங்களை எல்லாம் கணக்கெடுக்க அரசாங்கம் புதிதாக உத்தரவு போட்டிருக்கிறதாம். ஃப்ளாட்டில் போய் விசாரித்திருக்கிறார், சான்றிதழைக் காட்டியிருக்கிறார்கள். டீக்கடையில் விசாரித்திருக்கிறார், லாரிக்காரரைக் கைகாட்டியிருக்கிறார்கள். லாரிக்காரர் எங்கள் தெருவைச் சொல்லியிருக்கிறார்.

சாயங்காலத்தில் அந்தத் தரைதான் வீட்டிலேயே காற்றோட்டமான இடம். சார் அங்கேதான் நாற்காலி போட்டு உட்கார்வார். வந்தவருக்கும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். சிஸ்டர் மோர் கொண்டுவந்தார். நான் ஒரு மூலையில் குந்தி வெடிப்புக்குப் பூசிக்கொண்டிருந்தேன்.

"மேடம், அந்தக் கம்பெனி இடத்துல மண்ணு எடுத்தாங்கன்னு ரெக்கார்ட்ல இருக்கு," என்றார் இளைஞர். "அது எங்க போச்சுன்னு மட்டும் எதுலயும் இல்ல."

சிஸ்டர் தட்டைக் கையில் பிடித்தபடியே நின்றார். சாரைப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"இன்னொரு தடவ கேளுங்க," என்றார்.

காது கேட்காது போலிருக்கிறது என்று நினைத்து, இளைஞர் குரலை உயர்த்தினார்.

"அந்த மண்ணு எங்க போச்சு மேடம்?"

"மோரக் குடிங்க," என்றார் சிஸ்டர். "நீங்க உக்காந்திருக்கீங்களே, அதுக்குக் கீழ."

இளைஞர் குனிந்து தரையைப் பார்த்தார். பிறகு டம்ளர் ஆடாமல் பிடித்துக்கொண்டு, இரண்டு கால்களையும் மெல்லத் தூக்கி நாற்காலியின் மேல் வைத்துக்கொண்டார்.

"பயப்படாதீங்க தம்பி," என்றார் சிஸ்டர். "எங்கயும் போகாது."